பம்பாய் நகரம்: ஏழு தீவுகளும் நான்கு கட்டடப் பாணிகளும்

1. அறிமுகம்



ஐரோப்பியரின் வருகையை அடுத்து இந்தியாவில் வளர்ச்சி பெற்ற துறைமுக நகரங்களுள் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் பம்பாய் நகரின் வரலாற்றையும் கட்டடக்கலையையும் இக்கட்டுரை விளக்குகின்றது. வரலாறு படிப்பவர்களுக்கும் சித்திரம் படிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

இந்நகரின் பெயர் 1995 ஆம் ஆண்டு மும்பாய் என மாற்றப்பட்டது. மும்பாதேவி என்னும் அம்மனின் பெயரிலிருந்து வந்த பெயர் இது. நாம் ஆங்கிலேயர் காலத்தைப் பற்றிப் பேசுவதால் இங்கு பம்பாய் என்றே எழுதுகின்றோம். நீங்களும் விடை எழுதும்போது ஏதேனும் ஒரு பெயரைத் தெரிவு செய்து, முதல் வரியிலேயே மற்றப் பெயரையும் ஒருமுறை குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் வராது.

பாடத்தினுள் நுழையுமுன் ஒரு விடயம். வகுப்பில் ஒரு கட்டடத்தின் படத்தைக் காட்டி "இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் "ஆங்கிலேயர்" என்று உடனே விடை கூறுவர். இந்த விடை முற்றிலும் பிழை அன்று. ஆனால் அரைவாசிதான் சரி. வரைபடம் கீறியவர் யார், பணம் கொடுத்தவர் யார், கல் செதுக்கியவர் யார், அந்தக் கட்டடத்தில் வாழ இடம் கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்று ஐந்து கேள்விகளாகப் பிரித்துக் கேட்டால் ஐந்து வேறுபட்ட விடைகள் கிடைக்கும். இந்த ஐந்து கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடர்ந்து வாசியுங்கள். இறுதியில் தரப்பட்டுள்ள கட்டுரை வினாவுக்கு இவையே திறவுகோல்.

2. ஏழு தீவுகள் கைமாறிய கதை

இன்று ஒரே நிலப்பரப்பாகத் தெரியும் பம்பாய், ஒரு காலத்தில் ஏழு சிறு தீவுகளாக இருந்தது. கொலாபா, சிறிய கொலாபா, பம்பாய், மசகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என்பன அவை. மீன்பிடித் தொழில் செய்த கோலி மக்கள் இத்தீவுகளின் பழங்குடிகள். தீவுகளுக்கிடையே கடல் நீர் பெருகும்போது சேறும் சதுப்புமாகக் கிடக்கும். இப்படிப்பட்ட இடம் எவ்வாறு ஐரோப்பியரின் கண்ணில் பட்டது? ஆழமான, புயலுக்குப் பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் கிழக்குப் பக்கத்தில் இருந்தமையே காரணம்.

இத்தீவுகள் மூன்று முறை கைமாறின. அவற்றை ஒவ்வொரு சொல்லால் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஒப்படைப்பு. 1534 இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வசாய் உடன்படிக்கையின் மூலம் இத்தீவுகளைப் போர்த்துக்கேயரிடம் ஒப்படைத்தார்.

இரண்டாவது, சீதனம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சாள்ஸ், போர்த்துக்கல் இளவரசி கதரீனை மணம் முடிப்பதற்கான உடன்படிக்கை 1661 இல் செய்யப்பட்டது. அதன்படி பம்பாய் சீதனமாக வழங்கப்பட்டது. எனினும் ஆங்கிலேயர் அதை உண்மையில் பொறுப்பேற்றது 1665 இலேயே ஆகும்.

மூன்றாவது, வாடகை. தொலைதூரத் தீவை நிருவகிப்பது மன்னருக்குச் செலவாகத் தோன்றியது. ஆகவே 1668 இல் ஆண்டொன்றுக்கு 10 பவுண் வாடகைக்கு அதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் கொடுத்துவிட்டார்.

ஒப்படைப்பு, சீதனம், வாடகை. இம்மூன்று நிகழ்வுகளிலும் தீவில் வாழ்ந்த மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குடியேற்றவாதம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் எழுதுவதைக் காட்டிலும் இந்த ஓர் உதாரணம் கூடுதலாக விளக்கிவிடும்.

3. கோட்டையும் வணிகரும்

1669 முதல் 1677 வரை ஆளுநராக இருந்த ஜெரால்ட் ஓஞ்சியர், பம்பாயை ஒரு வணிக நகராக வளர்க்கத் திட்டமிட்டார். நீதிமன்றங்களை நிறுவினார். குடியேறும் வணிகர்களுக்கு அவரவர் சமயத்தைப் பின்பற்றும் உரிமை வழங்கப்பட்டது. இதனால் பார்சிகள், குஜராத்தி வணிகர்கள், போராக்கள், ஆர்மேனியர் எனப் பல இனத்தவர் வந்து சேர்ந்தனர். 1687 இல் கம்பனி தனது மேற்குக் கரைத் தலைமையகத்தைச் சூரத்திலிருந்து பம்பாய்க்கு மாற்றியது.

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதற்கு அப்பலோ வாயில், தேவாலய வாயில், கடைத்தெரு வாயில் என மூன்று வாயில்கள் இருந்தன. மதிலுக்குள் தெற்குப் பகுதியில் ஆங்கிலேயரும் வடக்குப் பகுதியில் இந்திய வணிகரும் வாழ்ந்தனர். 1718 இல் திறக்கப்பட்ட புனித தோமஸ் தேவாலயம் இக்காலத்துக் கட்டடங்களுள் இன்றும் நிலைத்திருப்பதாகும். தேவாலய வாயில் இடிக்கப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் 'சேர்ச்கேட்' என்ற பெயரில் ஒரு புகையிரத நிலையம் இன்றும் இயங்குகின்றது.

இது உங்களுக்குப் புதுமையாகத் தோன்றாது. கொழும்பில் மதில் இல்லாத இடத்தை நாமும் 'கோட்டை' என்றுதானே அழைக்கின்றோம்? கோட்டைக்கு வெளியே இருந்த பகுதி 'புறக்கோட்டை' ஆயிற்று. கட்டடம் அழிந்த பின்பும் பெயர் வரலாற்றைச் சொல்லும் என்பதற்கு இவை இரண்டும் நல்ல சான்றுகள்.

கப்பல் கட்டும் தொழிலும் இக்காலத்தில் வளர்ந்தது. சூரத்திலிருந்து 1736 இல் அழைத்துவரப்பட்ட லவ்ஜி நுசர்வாஞ்சி வாடியா என்ற பார்சி தச்சரும் அவருடைய சந்ததியினரும் பம்பாயில் தேக்கு மரத்தால் கப்பல்கள் கட்டினர். பிரித்தானியக் கடற்படைக்காக வாடியா குடும்பத்தினர் கட்டி 1817 இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? 'திருக்கோணமலை'! அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கின்றது. எமது நாட்டுத் துறைமுகத்தின் பெயர், இந்தியத் தேக்கு, பார்சி கைவண்ணம், ஆங்கிலக் கடற்படை. ஒரு கப்பலுக்குள் ஒரு பேரரசே அடங்கியிருப்பதைக் காணலாம்.

4. கடலை மூடி நிலமாக்கல்

ஏழு தீவுகளையும் இணைத்த பணி ஒரே நாளில் நடந்ததன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாக நடந்தது. 1771 முதல் 1784 வரை ஆளுநராக இருந்த வில்லியம் ஹோர்ன்பியின் காலத்தில் வொர்லிக்கு அருகில் கடல் உட்புகுந்த வாயில் ஓர் அணையால் அடைக்கப்பட்டது. இதனால் நடுவிலிருந்த தாழ்நிலங்கள் நீர் வடிந்து பயன்பாட்டுக்கு வந்தன. 1838 இல் கொலாபாத் தாம்போதி அமைக்கப்பட்டது.

1845 இல் திறக்கப்பட்ட மாஹிம் தாம்போதியின் கதையைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுங்கள். மாஹிமுக்கும் அப்பாலுள்ள பந்த்ராவுக்கும் இடையே மக்கள் ஓடத்தில் கடந்து வந்தனர். தாம்போதி அமைக்க அரசு பணம் ஒதுக்கவில்லை. ஜம்செட்ஜி ஜீஜீபோய் என்ற பார்சி வணிகரின் மனைவி அவாபாய், ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்து அதை நிறைவேற்றினார். நாம் முதலில் கேட்ட 'பணம் கொடுத்தவர் யார்?' என்ற கேள்விக்கு இது முதலாவது விடை.

அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? ஜம்செட்ஜியின் செல்வத்தில் பெரும்பகுதி சீனாவுடன் நடந்த பருத்தி, அபின் வணிகத்தால் வந்தது. அக்காலப் பம்பாய் வணிகர் பலரின் நிலைமை இதுவே. வைத்தியசாலையும் கலைக்கல்லூரியும் தந்த அதே பணம், இன்னொரு நாட்டு மக்களை அபினுக்கு அடிமையாக்கிய வணிகத்திலிருந்தும் வந்தது. வரலாற்றில் ஒருவரை முழு நல்லவர், முழுத் தீயவர் என்று இரண்டு பெட்டிகளுள் போட்டுவிட முடியாது. இரண்டு உண்மைகளையும் எழுதுங்கள்.

5. பருத்தி தந்த செல்வமும் 1865 வீழ்ச்சியும்

பம்பாயின் முகத்தை மாற்றிய நிகழ்வுகள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

1853 ஏப்ரல் 16 ஆம் திகதி பம்பாயிலிருந்து தானா வரை 34 கிலோமீற்றர் தூரம் இந்தியாவின் முதலாவது பயணிகள் புகையிரதம் ஓடியது. (இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864 இல் ஓடியது.) 1854 இல் கவாஸ்ஜி தாவர் என்ற பார்சி தொழில் முயற்சியாளர் பம்பாயின் முதலாவது பருத்தி ஆலையை நிறுவினார். 1857 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்குப் பம்பாயே இந்தியாவின் முன்வாயிலாயிற்று.

இவற்றுக்கிடையே எதிர்பாராத ஒரு செல்வப் பெருக்கும் ஏற்பட்டது. 1861 இல் ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியை நாடினர். விலை பல மடங்கு ஏறியது. பம்பாய் வணிகரிடம் பணம் குவிந்தது. வங்கிகளும் நிலமீட்புக் கம்பனிகளும் நாளுக்கொன்றாக முளைத்தன. 1865 இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. கம்பனிகள் கவிழ்ந்தன, வங்கிகள் முறிந்தன. 1864 இல் 8 இலட்சத்து 16 ஆயிரமாக இருந்த நகரின் சனத்தொகை 1872 இல் 6 இலட்சத்து 44 ஆயிரமாகக் குறைந்தது என்பதிலிருந்தே வீழ்ச்சியின் அளவை அறியலாம்.

ஆனால் இந்தக் குறுகிய காலத்தில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள் நிலைத்து நின்றன. 1862 முதல் 1867 வரை ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃபிரேயர் பழைய கோட்டை மதில்களை இடிப்பித்தார். மதில் இருந்த இடமும் அதற்கு வெளியே இருந்த திறந்த வெளியும் புதிய பொதுக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டன. கொழும்புக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டதும் இதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே. பீரங்கிக்கு அஞ்சி மதிலுக்குள் ஒடுங்கியிருந்த காலம் போய், ஆட்சியாளர் தம் வலிமையை உலகுக்குக் காட்ட விரும்பிய காலம் வந்தது என்பதையே இது உணர்த்துகின்றது.

6. நான்கு கட்டடப் பாணிகள்

பம்பாயின் கட்டடங்களை நான்கு பாணிகளாக வகுத்துப் படித்தால் எளிதாக இருக்கும். ஒவ்வொன்றையும் அதன் அடையாளங்களைக் கொண்டு இனங்காணப் பழகுங்கள்.

(அ) புதிய செந்நெறிப் பாணி

பண்டைய கிரேக்க, உரோமக் கட்டடங்களைப் பின்பற்றிய பாணி இது. வரிசையான பெருந்தூண்கள், முகப்பில் முக்கோண வடிவம், அகன்ற படிக்கட்டுகள், இருபுறமும் ஒத்த சமச்சீர் அமைப்பு என்பன இதன் அடையாளங்கள். 1833 இல் தோமஸ் கூப்பரின் வரைபடத்தின்படி கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம் சிறந்த உதாரணமாகும். ஆசியக் கழகத்தின் நூலகம் அங்கு உள்ளது. "நாமே இக்காலத்தின் உரோமர்" என்ற எண்ணம் கம்பனி அதிகாரிகளிடம் இருந்தமையை இப்பாணி காட்டுகின்றது.

(ஆ) விக்டோரியாக் கொதிக் பாணி

கொதிக் பாணி 12 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தேவாலயங்களில் தோன்றியது. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அது மீண்டும் உயிர்பெற்றது. கூர்முனை வில்வளைவுகள், வானை நோக்கும் கோபுரங்கள், நிறக் கண்ணாடி யன்னல்கள், விலங்குருவச் செதுக்கல்கள் என்பன இதன் அடையாளங்கள். மதில் இடித்த இடத்தில் எழுந்த கட்டடங்கள் பெரும்பாலும் இப்பாணியில் அமைந்தன.

பல்கலைக்கழக நூலகமும் ராஜாபாய் கோபுரமும் (1869 - 1878): இவற்றை வரைந்தவர் லண்டனில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜோர்ஜ் கில்பேட் ஸ்கொட். அவர் பம்பாய்க்கு ஒருமுறையேனும் வந்ததில்லை. லண்டனிலிருந்தே வரைந்து அனுப்பினார். பணம் கொடுத்தவர் பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த். நூலகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாவும் கோபுரத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாவும் அவர் வழங்கினார். கோபுரத்துக்குத் தம் தாயாரின் பெயரை இடவேண்டும் என்பதே அவர் விருப்பம். ஏறத்தாழ 85 மீற்றர் உயரமான அக்கோபுரத்தின் மேற்பகுதியில் மேற்கு இந்தியாவின் பல்வேறு சமூகத்தவரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1865 வீழ்ச்சியில் பிரேம்சந்த் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். செல்வம் போயிற்று, தாயின் பெயர் நிலைத்தது.

உயர் நீதிமன்றம் (1871 - 1878): ஜே. ஏ. ஃபுல்லர் என்ற பொறியியலாளர் வரைந்தது. கருங்கல்லால் ஆன பெருங்கட்டடம்.

கிரோபோட் சந்தை (1869): வில்லியம் எமர்சன் வரைந்தது. வாயிலின் மேலுள்ள சிற்பங்களைச் செய்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தையான லொக்வூட் கிப்ளிங்.

விக்டோரியாப் புகையிரத நிலையம் (1878 - 1888): பம்பாய்க் கட்டடங்களுள் தலைசிறந்தது இதுவே. வரைந்தவர் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். எண்கோண வடிவில் எழும் நடுக் குவிமாடத்தின் உச்சியில் 'முன்னேற்றம்' என்பதைக் குறிக்கும் பெண்ணுருவம் நிற்கின்றது. வாயில் தூண்களில் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் உள்ளன. சிங்கம் பிரித்தானியாவையும் புலி இந்தியாவையும் குறிக்கும். மயில், குரங்கு, இலை, கொடி எனச் சுவரெங்கும் உள்ள செதுக்கல்களுள் பல ஜம்செட்ஜி ஜீஜீபோய் கலைக்கல்லூரியின் மாணவர்களுடைய கைவேலை. ஐரோப்பியப் பாணியும் இந்தியக் கைவினையும் ஒரே சுவரில் கலந்திருப்பதே இக்கட்டடத்தின் சிறப்பு. 2004 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 1996 இல் இதற்குச் சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 2017 இல் 'மகராஜ்' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது.

கொதிக் பாணி குளிர் நாட்டுக்கு உரியது. அது வெப்பமும் பெருமழையும் உள்ள பம்பாயில் எவ்வாறு பொருந்தியது? அகன்ற விறாந்தைகள், திறந்த வளைவு நடைகள், உயர்ந்த கூரை, தடித்த சுவர் ஆகியன சேர்க்கப்பட்டன. மலாட், குர்லா ஆகிய அயற்பகுதிகளின் மஞ்சள் நிறக் கற்கள், உள்ளூர்க் கருங்கல், போர்பந்தரின் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் என்பன பயன்படுத்தப்பட்டன. ஆகவே 'இங்கிலாந்திலிருந்து அப்படியே கொண்டுவந்து வைக்கப்பட்டது' என்று எழுதுவது தவறு.

(இ) இந்தோ - சரசெனிக் பாணி

குவிமாடம், வெளியே நீளும் நிழற்கூரை, கல்லில் துளையிட்ட சாளரம், சிறு மாடக் கோபுரம் ஆகிய இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டட அமைப்புடன் இணைத்த பாணி இது. 1857 எழுச்சியின் பின் தம்மை முகலாயருக்கு அடுத்த உரிமையாளராகக் காட்டிக்கொள்ள ஆட்சியாளர் விரும்பியமை இப்பாணி வளர்ந்ததற்கு ஒரு காரணமாகும். பம்பாயில் இப்பாணியின் முதன்மையான கலைஞர் ஜோர்ஜ் விற்றெற். பீஜப்பூர் கோல் கும்பாஸைப் பின்பற்றிய குவிமாடத்தைக் கொண்ட பிரதான அஞ்சலகம் (1913), 1922 இல் திறக்கப்பட்ட வேல்ஸ் இளவரசர் அரும்பொருட்காட்சிச்சாலை, இந்தியாவின் நுழைவாயில் என்பன அவருடன் தொடர்புடையவை. (அஞ்சலகத்தை வரைவதில் ஜோன் பெக் முதன்மைப் பங்காற்றினார்.)

இந்தியாவின் நுழைவாயில் தனியாகப் படிக்கத்தக்கது. 1911 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் வந்திறங்கியதன் நினைவாக இது அமைக்கப்பட்டது. அவர்கள் வந்தபோது கட்டடம் இருக்கவில்லை. மட்டையால் செய்த மாதிரி ஒன்றே இருந்தது. குஜராத்தின் 16 ஆம் நூற்றாண்டுக் கட்டடக்கலையைத் தழுவி, 26 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்ட இது 1924 இல் முற்றுப்பெற்றது. பேரரசர் நுழைந்ததைக் கொண்டாடிய இதே வாயிலின் ஊடாக, 1948 பெப்ரவரி 28 ஆம் திகதி கடைசிப் பிரித்தானியப் படைப்பிரிவு அணிவகுத்து வெளியேறியது. கட்டி முடித்து 24 ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. என்றும் நிலைக்கும் என எண்ணிக் கட்டியவர்களே விடைபெற்றுச் செல்லும் வாயிலாக அது மாறிற்று.

அதன் எதிரே நிற்கும் தாஜ் மஹால் ஹோட்டல் 1903 இல் திறக்கப்பட்டது. உரிமையாளர் தொழிலதிபர் ஜம்செட்ஜி டாட்டா. இதை வரைந்தவர்களுள் ஒருவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா. இவர் முன்னர் விக்டோரியா நிலையத்தில் ஸ்டீவன்ஸின் உதவியாளராகப் பணி செய்தவர். (அவருக்குப் பின் டி. என். மிர்சாவும் ஆங்கிலேயரான சேம்பர்ஸும் பணியைத் தொடர்ந்தனர்.) உதவியாளராக நின்ற கை, கால் நூற்றாண்டுக்குள் தானே வரைபடம் கீறும் கையாக மாறியது. 'வரைந்தவர் யார்?' என்ற கேள்விக்கும் ஆங்கிலப் பெயர் மட்டுமே விடையாகாது என்பதற்கு இது சான்று.

(ஈ) ஆர்ட் டெக்கோ பாணி

1930களில் புதிதாக மீட்கப்பட்ட கடற்கரை நிலத்தில் கொங்கிறீற்றுக் கட்டடங்கள் எழுந்தன. வளைந்த மூலைகள், நேர்கோட்டு அலங்காரம், யன்னலுக்கு மேல் புருவம் போன்ற நிழற்றட்டு, சூரியக் கதிர் வடிவம், கப்பலை நினைவூட்டும் மாடிகள் என்பன இதன் அடையாளங்கள். மெரீன் டிரைவ் வீதியின் மாடிக் குடியிருப்புகளும், ரீகல் (1933), ஈரோஸ் (1938) திரையரங்குகளும் உதாரணங்கள். ரீகலை வரைந்தவர் விக்டோரியா நிலையத்தை வரைந்த ஸ்டீவன்ஸின் மகன் சாள்ஸ். ஆனால் இப்பாணியின் குடியிருப்புகளுள் பலவற்றை வரைந்தவர்களும் கட்டுவித்தவர்களும் இந்தியரே. முந்திய பாணிகள் பெரிதும் அரச அலுவலகங்களில் தோன்றின. இது நடுத்தர வகுப்பினரின் வீட்டிலும் பொழுதுபோக்கிலும் தோன்றியது. இந்த வேறுபாடு முக்கியமானது.

ஒரு திறந்த மைதானத்தின் கிழக்கே கொதிக் கட்டடங்களும் மேற்கே ஆர்ட் டெக்கோ கட்டடங்களும் எதிரெதிரே நிற்பது உலகில் அரிதான காட்சி. இக்கட்டடத் தொகுதியை 2018 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

7. படங்களில் காணாத பம்பாய்

இதுவரை படித்தவை அஞ்சலட்டையில் அச்சிடத்தக்க கட்டடங்கள். நகரின் பெரும்பான்மையோர் அவற்றில் வாழவில்லை. பரேல் முதலிய பகுதிகளில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் எழுந்தன. கொங்கணத்திலிருந்தும் தக்கணத்திலிருந்தும் வந்த தொழிலாளர் 'சால்' எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். மூன்று நான்கு மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் நீண்ட பொது விறாந்தை. அதன் ஓரமாக வரிசையாக ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில வேளை அதற்கு மேல். தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் பொதுவானவை. இதுவே சால் கட்டடத்தின் அமைப்பு.

1896 இல் பிளேக் நோய் பரவியது. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் அதன் வேகத்தைக் கூட்டின. உயிர் தப்பப் பல்லாயிரக் கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். அதன் பின்னரே 1898 இல் பம்பாய் நகர மேம்பாட்டு நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. அது அகன்ற வீதிகளை வெட்டியது. தாதர், மாட்டுங்கா ஆகிய பகுதிகளில் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. ஆனால் வீதிக்காக வீடு இடிக்கப்பட்ட ஏழைகளுள் பலருக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. நோய் ஏழையைத் தாக்கியது. நோய்க்கான மருந்தும் ஏழையின் வீட்டையே இடித்தது.

விக்டோரியா நிலையத்தின் குவிமாடமும் சால் கட்டடத்தின் ஒற்றை அறையும் ஒரே நகரின், ஒரே காலத்தின் கட்டடக்கலையே. ஒன்றை மட்டும் படித்தால் பாடம் முடிந்ததாகாது.

அரசியல் விழிப்புணர்வும் இதே நகரில்தான் வளர்ந்தது. 1885 டிசெம்பரில் இந்திய தேசிய காங்கிரசின் முதலாவது கூட்டம் பம்பாயில் நடைபெற்றது. 72 பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். 1942 ஓகஸ்ற் 8 ஆம் திகதி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும் இந்நகரிலேயே.

8. கால வரிசைச் சுருக்கம்

1534 - தீவுகள் போர்த்துக்கேயர் வசமாதல்
1661 - திருமண உடன்படிக்கை
1668 - கிழக்கிந்தியக் கம்பனிக்கு வாடகைக்கு வழங்கல்
1687 - கம்பனித் தலைமையகம் பம்பாய்க்கு மாறுதல்
1845 - மாஹிம் தாம்போதி
1853 - முதலாவது பயணிகள் புகையிரதம்
1861 - 1865 - பருத்திச் செல்வப் பெருக்கும் வீழ்ச்சியும்
1888 - விக்டோரியா நிலையம் முற்றுப்பெறல்
1896 - பிளேக் நோய்
1924 - இந்தியாவின் நுழைவாயில் முற்றுப்பெறல்
1948 - கடைசிப் பிரித்தானியப் படைப்பிரிவு வெளியேறல்

9. பயிற்சி வினாக்கள்

குறுவினாக்கள்

1. பம்பாய் எவ்வாறு ஆங்கிலேயர் வசமாயிற்று?
2. 1861 - 1865 காலத்தில் பம்பாயில் செல்வம் பெருகியமைக்குக் காரணம் யாது?
3. கொதிக் பாணியின் அடையாளங்கள் மூன்று தருக.
4. 'சால்' என்பது யாது?

கட்டுரை வினா

"பம்பாயின் குடியேற்றக் காலக் கட்டடங்கள் ஆங்கிலேயரின் சாதனை மட்டுமே." இக்கூற்றை ஆராய்க.

விடைக்கான வழிகாட்டல்

கூற்றில் உண்மை உள்ள பகுதியை முதலில் எழுதுக: திட்டமும் அதிகாரமும் ஆங்கிலேயரிடம் இருந்தன, ஸ்கொட், ஸ்டீவன்ஸ், விற்றெற் ஆகியோர் வரைந்தனர். அடுத்து மறுபக்கத்தை எழுதுக: பிரேம்சந்த், அவாபாய் ஆகியோரின் பணம், கலைக்கல்லூரி மாணவரின் சிற்பம், வைத்யாவின் வரைபடம், உள்ளூர்க் கல். மூன்றாவதாக, ஆலைத் தொழிலாளரின் உழைப்பையும் சால் வாழ்க்கையையும் ஒரு பந்தியில் சேர்க்க. இறுதியாக உங்கள் முடிவை இரண்டு வரிகளில் தருக.

ஆண்டுகளை மட்டும் மனனம் செய்து கொட்டும் விடையையும், காரணத்தோடு எழுதிய விடையையும் திருத்துபவர் ஒரே பார்வையில் வேறுபடுத்திவிடுவார். ஓர் ஆண்டு மறந்துபோனால் பதற வேண்டாம். 'ஏன்' என்பதை எழுதுங்கள்.

பரீட்சை முடிந்த பின்னும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் பழைய கச்சேரியோ புகையிரத நிலையமோ பாடசாலை மண்டபமோ இருக்கும். ஒரு நாள் அதன் முன் நின்று அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் விடை தெரியாவிட்டால், ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.